புதிய மீனைத் தனிமைப்படுத்துதல்: பெரிய தொட்டியில் விடும்முன் செய்ய வேண்டியவை, வரிசையாக

இந்த வழிகாட்டி நன்னீர் மீன் வளர்ப்பவர்களுக்கு. கடல் மீன்களுக்கு நோய்களும் வேறு, நாள் கணக்கும் வேறு. இரண்டையும் கலந்துகொள்ள வேண்டாம்.

புதிதாக இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வரிசையில்தான். முதலில் மீன் வந்துவிடுகிறது. அன்று மாலை காலித் தொட்டி ஒன்றைத் தேடி எடுக்கிறார்கள். ஃபில்டர் நினைவுக்கு வருவது அதற்கும் அப்புறம். மூன்றாம் நாள் மீன் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால், நோய் என்று நினைத்து மருந்தை ஊற்றுகிறார்கள். உண்மையில் அங்கே மீனைக் கொல்வது அம்மோனியா. நோயிலிருந்து காப்பாற்ற வைத்த தொட்டியே மீனுக்கு எமனாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்: கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்.

## 1. மீன் வாங்குவதற்கு நான்கு வாரம் முன்பே ஸ்பாஞ்சைப் பழக்குங்கள்

மீனின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும்.

இந்த பாக்டீரியா ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. அதனால் பெரிய தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டால் தனித்தொட்டி (புது மீனைத் தனிமைப்படுத்தி வைக்கும் தொட்டி) தயார் என்று நினைப்பதில் பயனில்லை.

சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றை ஏர் பம்ப்போடு இணைத்துப் பெரிய தொட்டியிலேயே ஒரு மூலையில் ஓட விடுங்கள். நான்கு வாரத்தில் ஸ்பாஞ்ச் பழுப்பேறி, தொட்டால் லேசாக வழவழக்கும். அந்த வழவழப்புதான் நமக்கு வேண்டியது. அழுக்கென்று குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதிலுள்ள குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிடும். என்னைக் கேட்டால், இந்த ஸ்பாஞ்ச் நிரந்தரமாகவே பெரிய தொட்டியில் ஓடட்டும். எப்போது புது மீன் வந்தாலும் அவசரப்பட வேண்டியிருக்காது.

இதைப் படிக்கும்போதே மீன் வீட்டுக்கு வந்துவிட்டதா? பெரிய தொட்டியின் ஃபில்டரில் இருக்கும் பஞ்சு அல்லது செராமிக் வளையங்களில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தனித்தொட்டி ஃபில்டருக்குள் வையுங்கள். எடுத்துச் செல்லும்போது காய விடாதீர்கள், தொட்டித் தண்ணீரிலேயே மூழ்கியிருக்கட்டும். முதல் இரண்டு வாரம் தினமும் அம்மோனியா பார்த்து, தெரிந்தால் அன்றே தண்ணீர் மாற்றுங்கள்.

## 2. தனித்தொட்டிக்கு வேண்டியவை

சின்ன மீன்களுக்கு 30 முதல் 40 லிட்டர் போதும். கோல்ட் ஃபிஷ், ஏஞ்சல், சிக்லிட் போன்றவற்றுக்கு இன்னும் பெரிதாக வேண்டும். தண்ணீர் குறையக் குறைய அம்மோனியா வேகமாக ஏறும் என்பதால் சின்னக் கிண்ணங்களில் இதைச் செய்யவே முடியாது. கண்ணாடித் தொட்டிதான் வேண்டும் என்றில்லை. உணவுப் பொருள் வைக்கும் தரத்திலான பிளாஸ்டிக் டப்பாவும் ஆகும். ஆனால் பக்கவாட்டிலிருந்து மீன் தெளிவாகத் தெரிய வேண்டும். நாம் செய்யப்போகும் வேலையில் பாதி, பார்ப்பதுதான்.

அடியில் மணலும் கல்லும் வேண்டாம். கழிவின் நிறம், தின்னாமல் விட்ட தீனி, உடம்பிலிருந்து விழுந்த புழு எல்லாம் வெறும் தரையில்தான் கண்ணில் படும். வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி பெருகுவதற்குப் பெரும்பாலும் தரையில்தான் உட்காரும். வெறும் தரையாக இருந்தால் சைஃபன் வைத்து அதை உறிஞ்சி எடுத்துவிடலாம். கோரிடோரஸ் போல மண்ணைக் கிளறும் மீனாக இருந்தால், சின்னத் தட்டில் கொஞ்சம் மணல் போட்டு உள்ளே வையுங்கள். அது நிம்மதியாக இருக்கும், தட்டை எடுத்துக் கழுவவும் முடியும்.

மறைவிடம் கட்டாயம். வழுவழுப்பான பிவிசி குழாய்த் துண்டு, உடையாத மண்சட்டி, பிளாஸ்டிக் செடி எதுவானாலும் சரி. ஒளிய இடமில்லாத மீன் பயத்திலேயே எதிர்ப்புச் சக்தியை இழக்கும். சுண்ணாம்புக் கல்லும் சிப்பியும் போடாதீர்கள். தண்ணீரின் பிஹெச் அளவை (அமில-காரத் தன்மையின் அளவு) ஏற்றிவிடும்.

ஹீட்டர், தெர்மாமீட்டர், இடைவெளி இல்லாத மூடி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் காட்டும் டெஸ்ட் கிட், குளோரின் நீக்கி. இவற்றில் மூடியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். புது இடத்துக்கு வந்த மீன் முதல் இரவில்தான் குதிக்கும்.

தொட்டியை நிரப்பும்போது அளவு தெரிந்த வாளியால் ஊற்றி, ஒவ்வொரு 5 லிட்டருக்கும் வெளிப்பக்கம் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவு எப்போதும் உண்மையான தண்ணீரின் கணக்கில்தான். 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத் தொட்டியில் 25 செ.மீ. உயரம் தண்ணீர் இருந்தால் அது 33.75 லிட்டர். தொட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமில்லை.

## 3. தனி வலை, தனி வாளி, தனி இடம்

தொட்டியைத் தனியாக வைத்துவிட்டு, வலையை மட்டும் இரண்டுக்கும் பொதுவாக வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. ஈரமான வலையின் ஒரு துளித் தண்ணீரில் ஒட்டுண்ணிகள் போய்ச் சேர்ந்துவிடும். வலை, வாளி, சைஃபன் குழாய், துடைக்கும் துணி எல்லாவற்றையும் இரண்டு செட்டாக வைத்து, தனித்தொட்டிக்கு உரியவற்றில் சிவப்பு டேப் ஒட்டுங்கள். வீட்டில் மற்றவர்களும் தீனி போடுவார்கள் என்றால் இந்தச் சிவப்பு டேப் ரொம்ப உதவும்.

ஏர் பம்ப்பின் குமிழிகள் உடையும்போது நுண்ணிய துளிகள் தெறிக்கும். ஆகவே இரண்டு தொட்டிகளும் அடுத்தடுத்து இருக்க வேண்டாம். வேறு அறையானால் நல்லது. தினசரி வேலையை முதலில் பெரிய தொட்டியில் முடியுங்கள், கடைசியாகத் தனித்தொட்டிக்கு வாருங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் கைகழுவி, நன்றாகத் துடையுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள். மீன்களிடம் இருக்கும் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி, காயத்தின் வழியாக மனிதத் தோலிலும் தொற்றி, ஆறாத கட்டியாக மாறக்கூடியது.

## 4. வாங்கும் இடத்தில்

நீங்கள் கேட்கும் மீனை மட்டும் பார்க்காமல், அதே தொட்டியில் இருக்கும் எல்லா மீனையும் பாருங்கள். ஒன்று செத்துக் கிடந்தாலோ துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நின்றாலோ, அந்தத் தொட்டியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள்; ஓடி வந்து தின்னும் மீனில் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

ஸ்பாஞ்சைத் தனித்தொட்டிக்கு மாற்றுவது மீன் வருகிற அன்றுதான். முன்கூட்டியே காலித் தொட்டியில் ஓடவிட்டால் அம்மோனியா கிடைக்காமல் பாக்டீரியா குறைந்துபோகும்.

## 5. பையிலிருந்து தொட்டிக்கு

பையைப் பிரிக்காமல் 15 முதல் 20 நிமிடம் தண்ணீரில் மிதக்க விடுங்கள், வெப்பநிலை சமமாகட்டும். அறை விளக்கையும் தொட்டி விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

அதற்கு மேல் எவ்வளவு நேரம் என்பது, மீன் பையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதைப் பொறுத்தது. மூடிய பையில் மீனின் மூச்சுக்காற்றால் கார்பன் டை ஆக்ஸைடு சேர்ந்து பிஹெச் இறங்கும். பிஹெச் இறங்கிய தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் கெடுதல் குறைந்த அம்மோனியமாக இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பிஹெச் ஏறி, அதே அம்மோனியா விஷமாக மாறும். பக்கத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்த மீனுக்கு இது பெரிய விஷயமில்லை. பையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்து அரை மணி நேரத்தில் விடலாம். பார்சலில் ஒரு நாள் பயணம் செய்து வந்த மீனுக்கோ, பையைத் திறந்த பிறகு தாமதிப்பதே ஆபத்து. அதனால் அனுப்புகிறவரிடம் முன்பே பிஹெச் எவ்வளவு என்று கேட்டு, தனித்தொட்டியை அதற்கு நெருக்கமாக வைத்திருங்கள். வெப்பம் சமமானதும் திறந்து நேரே விட்டுவிடலாம்.

எப்படியானாலும் பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. வாளியின் மேல் வலையைப் பிடித்துப் பையைக் கவிழ்த்து, மீனை மட்டும் விடுங்கள்.

முதல் நாள் தீனி வேண்டாம். மிரண்டு போன மீன் தின்னாது; போட்டதெல்லாம் அழுகி அம்மோனியாதான் ஆகும்.

## 6. தினமும் பார்க்க வேண்டியவை

தனிமைப்படுத்தலின் உயிர்நாடி இதுதான். தொட்டியைத் தனியே வைத்து நாட்களை மட்டும் எண்ணினால் ஒன்றும் கிடைக்காது. காலையும் மாலையும் ஐந்து நிமிடம் முன்னால் உட்காருங்கள். அசையாமல் இருந்தால்தான் மீன் தன் இயல்புக்குத் திரும்பும். வந்த அன்றே இரண்டு பக்கமும் தெரிய வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘இந்தத் தழும்பு முன்பே இருந்ததா’ என்ற கேள்வி பத்தாவது நாள் நிச்சயம் வரும்.

மூச்சு: செவுள் மூடி 15 விநாடியில் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணிக் குறித்துவையுங்கள். எல்லா மீனுக்கும் பொதுவான எண் கிடையாது. உங்கள் மீனின் எண் நாளுக்கு நாள் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மறுபக்கத்தால் மட்டும் மூச்சுவிட்டால் செவுள் தட்டைப்புழுவைச் சந்தேகியுங்கள்.

உரசல்: எப்போதாவது ஒருமுறை குழாயில் உரசினால் கவலையில்லை. திரும்பத் திரும்ப உரசினால் தோலிலோ செவுளிலோ ஏதோ ஒட்டியிருக்கிறது.

தோல்: விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். உப்புத் தூவியதுபோல் தனித்தனி வெள்ளைப் புள்ளிகள் என்றால் வெண்புள்ளி நோய். பொன்தூள் படிந்ததுபோல் மினுங்கினால் வெல்வெட் நோய். நேர் வெளிச்சத்தில் இது கண்ணுக்கே தெரியாது. முதுகில் சாம்பல் நிறப் பட்டையோ வாயோரம் பஞ்சு போன்ற வெண்மையோ தெரிந்தால் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம். பூஞ்சை என்று நினைத்து இதைத் தள்ளிப்போடுவது அடிக்கடி நடக்கிறது. கடுமையானால் ஓரிரு நாளில் தொட்டியே காலியாகும்.

வயிறும் கழிவும்: தீனியின் நிறத்தில் கழிவு வந்தால் நல்லது. ஒருநாள் மட்டும் வெள்ளையாக நூல்போல் வந்தால் வெறும் வயிறாக இருக்கும். பல நாள் தொடர்ந்து, நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டியே இருந்தால் குடலில் ஒட்டுண்ணி இருக்க வாய்ப்பு அதிகம். ஆசனவாயில் சிவப்பு நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது கமல்லானஸ் புழு.

நோயில்லாததை நோய் என்று நினைப்பதும் உண்டு. நியான் டெட்ரா இரவில் நிறம் மங்கும்; காலையில் விளக்குப் போட்டதும் வெளிறித் தெரிந்தால் கொஞ்ச நேரம் பொறுங்கள், நிறம் திரும்பிவிடும். ஆண் கோல்ட் ஃபிஷ்ஷுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் விளிம்பிலும் மட்டும் ஒழுங்காக வெள்ளைப் புள்ளிகள் வரும். அதை வெண்புள்ளி நோய் என்று மருந்தில் ஊறவைக்காதீர்கள்.

## 7. தண்ணீர்

அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்தில் இருக்க வேண்டும். லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் காட்டினால்கூட அன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் வாரம் இரண்டு முறை 25 சதவீதம் மாற்றி, தரையை சைஃபன் செய்துவிடுங்கள். புதுத் தண்ணீர் குளோரின் நீக்கியதாகவும் அதே வெப்பத்திலும் இருக்கட்டும். தீனி குறைவாக, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு.

## 8. மருந்து: எப்போது, எப்படி

மீன் வந்ததும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எல்லா மருந்தையும் போடும் பழக்கத்துக்கு நான் உடன்படுவதில்லை. பயணத்தில் களைத்த மீனுக்கு அது இன்னொரு சுமை. முக்கியமாக ஆன்ட்டிபயாடிக்கை அடையாளம் தெரியாமல் போடவே கூடாது. ஸ்பாஞ்ச்சில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் குலைக்கலாம், கிருமிக்கும் மருந்தை எதிர்க்கப் பழக்கிவிடும். முதல் வாரம் பாருங்கள். அறிகுறி தெரிந்தால் அதற்கு உரிய ஒரு மருந்து, ஒரு நேரத்தில் ஒன்று.

வெண்புள்ளிக்கு மருந்து போட்டுப் புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடுவது எல்லோரும் செய்யும் பிழை. அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. வளர்ந்ததும் மீனை விட்டு விழுந்து, தரையில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை நீந்தி அடுத்த மீனைத் தேடும் அந்தக் குறுகிய நேரத்தில் மட்டுமே மருந்து கொல்லும். 25 டிகிரி செல்சியஸில் இந்தச் சுற்று ஏறக்குறைய ஒரு வாரம். தண்ணீர் குளிர்ந்தால் பல வாரமாக நீளும். புள்ளி மறைந்தது என்றால் ஒட்டுண்ணி தரைக்குப் போயிருக்கிறது என்றுதான் பொருள். ஆகவே கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது மருந்தைத் தொடருங்கள். வெப்பத்தை மெல்ல ஏற்றினால் சுற்று வேகமாக முடியும். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், காற்றைக் கூட்டுங்கள். காலம்னாரிஸ் என்று சந்தேகம் இருந்தால் வெப்பத்தை ஏற்றவே ஏற்றாதீர்கள், அது சூட்டில்தான் வெறியாடும்.

உப்பு: வாசனையோ வேறு சேர்மானமோ இல்லாத சாதா உப்பு, லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். தனியே கரைத்து, ஒரு நாளில் மூன்று நான்கு தவணையாக ஊற்றுங்கள். லோச், கோரிடோரஸ் போன்றவற்றுக்கு 1 கிராமில் தொடங்கி மீன் எப்படி இருக்கிறது என்று பார்த்து ஏற்றுங்கள். ஆவியாகும் தண்ணீரோடு உப்பு போகாது. குறைந்த அளவைச் சாதாத் தண்ணீரால் நிரப்புங்கள். தண்ணீர் மாற்றும்போது மட்டும், எடுத்த தண்ணீருக்கு உரிய உப்பைச் சேருங்கள். மருந்துக்கும் இதே கணக்குதான்.

தட்டைப்புழுவுக்கு பிராஸிகுவான்டல், கமல்லானஸுக்கு லெவாமிசோல் என்று மருந்துகள் உண்டு. முட்டையிடும் தட்டைப்புழுக்களின் முட்டையை மருந்து கொல்லாது, அதனால் பொரிந்த பிறகு இரண்டாம் முறை போட வேண்டும். லெவாமிசோல் புழுவை முடக்கி விழவைக்கும். மறுநாள் தரையை உறிஞ்சி எடுக்காவிட்டால் போட்டது வீணாகும்.

மருந்து போடும்முன் ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிவிடும். மெத்திலீன் ப்ளூ நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். போட்டால் தினமும் அம்மோனியா பாருங்கள். தாமிரம் கலந்த மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். மாலகைட் க்ரீனை செதில் இல்லாத மீன்களுக்குப் பாதி அளவில் தொடங்குங்கள், உங்கள் கையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

## 9. எத்தனை நாள்?

குறைந்தது நான்கு வாரம். பண்ணையில் வளர்க்காமல் ஆறு, குளம் போன்ற இயற்கை நீர்நிலையில் பிடித்து வந்த மீனுக்கு ஆறு வாரம். இரண்டு வாரத்தில் மீன் நன்றாகத் தெரியும், அப்போதுதான் பலருக்குப் பொறுமை போகும். புழுக்களும் மெதுவாக வளரும் தொற்றுகளும் வெளிப்படுவது அதற்குப் பிறகுதான்.

நடுவில் இன்னொரு மீனைச் சேர்த்தால் எண்ணிக்கை முதல் நாளுக்குத் திரும்பிவிடும், எல்லா மீனுக்கும். நோய் வந்து குணமானால், மருந்து நின்று கடைசி அறிகுறி மறைந்த நாளிலிருந்து மூன்று வாரம் எண்ணுங்கள்.

செடி, நத்தை, இறால் எல்லாம் மீனில்லாத தண்ணீரில் 25 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் இருக்கட்டும். வெண்புள்ளி ஒட்டுண்ணியின் கூடு இலையிலும் ஓட்டிலும் ஒட்டிவரும். வெளிவரும் குஞ்சு மீன் கிடைக்காமல் ஓரிரு நாளில் செத்துவிடும்.

## 10. கடைசி வாரம்: பெரிய தொட்டியோடு அறிமுகம்

புது மீன் சுத்தமாக இருந்தாலும், உங்கள் பழைய மீன்கள் சுமந்து பழகிய கிருமி அதற்குப் புதிது. அதனால் கடைசி வாரத்தில் தண்ணீர் மாற்றும்போது பெரிய தொட்டியின் தண்ணீரை ஊற்றுங்கள். பிஹெச்சும் கடினத்தன்மையும் மெல்லப் பழகும், கிருமிகளும் சிறிய அளவில் அறிமுகமாகும். தண்ணீர் எப்போதும் பெரிய தொட்டியிலிருந்து இந்தப் பக்கம் மட்டுமே. எதிர்ப்பக்கம் ஒரு துளிகூட வேண்டாம்.

சிலர் பெரிய தொட்டியின் மீன் ஒன்றையும் இந்த வாரம் இங்கே கொண்டுவந்து விடுவார்கள். தான் நோயுறாமலேயே கிருமியைச் சுமக்கும் மீனைக் கண்டுபிடிக்க இது நல்ல வழி. ஆனால் அந்த மீனையும் அதே அக்கறையோடு பாருங்கள், அதுவும் உங்கள் மீன்தான். அதற்கு நோய் வந்தால் இருவருக்கும் சிகிச்சை, எண்ணிக்கை மறுபடி.

## 11. மாற்றும் நாள், அதற்குப் பிறகு

பெரிய தொட்டியில் முதலில் மற்ற மீன்களுக்குத் தீனி போட்டு, விளக்கை அணைத்து, புது மீனை வலையால் எடுத்து விடுங்கள். இடத்துக்குச் சண்டையிடும் வகை மீன்கள் இருந்தால் அதற்கு முன் கல்லையும் கட்டையையும் கொஞ்சம் இடம் மாற்றி வையுங்கள். பழைய எல்லைகள் குலைந்தால் புதியவர் மீது பாய்வது குறையும்.

நோயே வரவில்லை என்றால் ஸ்பாஞ்ச் பெரிய தொட்டிக்குத் திரும்பலாம். நோய் வந்திருந்தால் ஸ்பாஞ்சை எறிந்துவிட்டு, புது ஸ்பாஞ்ச் ஒன்றை அன்றே பெரிய தொட்டியில் பழகப் போடுங்கள். தொட்டி, குழாய், வலை எல்லாவற்றையும் வாசனையில்லாத ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் இருபது பங்கு என்ற கலவையில் அரை மணி நேரம் ஊறவைத்து, பலமுறை அலசி, கடைசி அலசலில் குளோரின் நீக்கி சேருங்கள். ப்ளீச்சோடு வேறு எந்தக் கழுவும் திரவத்தையும் கலக்காதீர்கள், நச்சுப்புகை வரும். அப்புறம் ஒரு சொட்டு ஈரமில்லாமல் சில நாள் காயட்டும், வலையின் மடிப்பும் குழாயின் உட்பக்கமும் உட்பட.